வேதத்தை எப்படிப் படித்தால் விசுவாசம் வளரும்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். தினமும் காலையில் வேதம் வாசிக்கிறீர்கள், வாக்குத்தத்த வசனங்களை எழுதி வைத்து ஜெபிக்கிறீர்கள், இருந்தும் ஒரு பிரச்சினை என்று வந்தால் முதலில் பயம்தான் வருகிறது என்கிறீர்கள். வேலைக்கோ கல்யாணத்துக்கோ காத்திருக்கிற வயது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள், அந்த வயதில்தான் இந்தக் கேள்வி இவ்வளவு சூடாக வரும்.

எனக்கு முன்னால் பதில் எழுதிய சிலர் "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்றும் "சந்தேகம் பிசாசு கொண்டுவருவது" என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன். நான் இறையியல் கல்லூரிப் பக்கமே போனதில்லை. கோத்தகிரியில், அரவேணு பக்கம், தையல் கடை வைத்திருக்கிறேன். எபிரெயம், கிரேக்கம் தெரிந்தவர்கள் திருத்தினால் சந்தோஷம், கொஞ்சம் மெதுவாகத் திருத்துங்கள்.

என் பதில் இதுதான்: வசனம் வசனமாகப் பொறுக்காமல் ஒரு புத்தகத்தை முழுதாகப் படியுங்கள். படிக்கும்போது கசக்கிற இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் நம்பிக்கை துளிர்த்ததே கசக்கிற ஒரு வசனத்தில்தான்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஓய்வு பெற்றவருக்கு வரவேண்டிய பணிக்கொடை வரவில்லை, ஆனால் தோட்டம் கொடுத்திருந்த லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் மட்டும் ஒழுங்காக வந்தது. பணம் கைக்கு வந்தால்தானே வேறு வீடு பார்க்க முடியும்? அப்பா நகரவில்லை. அந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொன்றாக எடுப்போமே, அம்மா எடுத்த அந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." தங்க நிற எழுத்து, பின்னால் ஓர் அருவிப் படம், அடியில் ஒரு நகைக்கடை விளம்பரம். அம்மா அதை இரும்பு பீரோவில் செல்லோடேப் போட்டு ஒட்டினார். எதிர்பார்த்திருக்கும் முடிவு என்றால் எங்கள் வீட்டில் பணிக்கொடைதான், வேறென்ன?

ஈஸ்டர் வந்து போனது. ஆபீசில் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள், அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். நடுவில் ஓர் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார், காணிக்கை வாங்கிக்கொண்டு, நாற்பது நாளில் அடைபட்ட பணமெல்லாம் திறக்கும் என்று அம்மா தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நாளும் போனது. ஐப்பசி மழை ஈரத்தில் அட்டையின் ஓரம் சுருண்டு, டேப் மஞ்சளாகிவிட்டது. அம்மா சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் வீட்டில் யாராவது அந்த வசனத்தைச் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையின் டீச்சரம்மா வீட்டில் நடக்கும் வேதபாடத்துக்கு நான் போக ஆரம்பித்தேன். பணி ஓய்வு பெற்றாலும் டீச்சர் டீச்சர்தான். ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை விடமாட்டார். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் அதே கேள்விகள். யார் பேசுகிறார்? யாரிடம்? எந்தக் காலத்தில்? அதற்கு முன்னால் என்ன நடந்தது? யாராவது "இந்த வசனம் என்னோட பேசுச்சு" என்று ஆரம்பித்தால், "உன்னோட அப்புறம் பேசட்டும்மா, முதல்ல அவங்களோட என்ன பேசுச்சுன்னு சொல்லு" என்பார். நான் கடையின் அளவு நோட்டையே எடுத்துப் போனேன். முன்பக்கத்திலிருந்து ஜாக்கெட் அளவு, பின்பக்கத்திலிருந்து எரேமியா. இப்போதும் அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் யாரோ ஒருவரின் கை நீளமும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எரேமியாவில் 52 அதிகாரம். சீக்கிரம் முடிகிற சங்கதி இல்லை, சொல்லப்போனால் பாதியில் பலர் நின்றுவிட்டார்கள். 20-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி தான் பிறந்த நாளையே சபிக்கிறார். இதெல்லாம் வேதத்தில் இருக்கிறதா என்று எங்களில் ஒருவர் திகைத்துப்போய்க் கேட்டார். அப்புறம் 28-க்கு வந்தோம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் வரைக்கும் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார்: இரண்டே வருஷம், போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். எரேமியா அதற்கு முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் ஆசைதான். ஆனால் ஆசை வேறு, வந்த வார்த்தை வேறு. பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தார். அதே வருஷம் ஏழாம் மாதம் அனனியா செத்துப்போனார் என்று அதிகாரம் முடிகிறது.

அதற்கு அடுத்த அதிகாரம்தான் 29. அது பாபிலோனில் இருக்கிறவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். அப்புறம் பத்தாம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் உங்களைச் சந்திப்பேன். அதற்குப் பிறகுதான், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிற நம் அட்டை வசனம் வருகிறது.

எனக்கு வந்தது கோபம். அட்டை அச்சடித்தவர்கள் ஒரே ஒரு வசனம் மேலே போயிருக்கக் கூடாதா? நல்ல துணியில் பூப்போட்ட இடத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு இதுதான் சேலை என்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லத் தைரியம் வராமல் அப்பாவுக்கு அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். குரங்குக் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டவர், எழுபது வருஷம் என்ற இடத்தில் சிரித்துவிட்டார். "அப்ப இது நம்மளுக்கு வந்த கடுதாசி புள்ள" என்றார்.

அப்பா சிலோனிலிருந்து வந்தவர், ஹட்டன் பக்கம். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்தக் குளிரில் வந்து விழுந்தார்கள். யாரோ ஒருவர் இன்னும் கொஞ்ச நாளில் திரும்பப் போய்விடலாம் என்று சொன்னதை நம்பி, அப்பாயி தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவே இல்லையாம். வேண்டியதை மட்டும் இடுக்கில் கைவிட்டு எடுப்பாராம். சாகும்வரை அந்தக் கயிறு அப்படியே இருந்தது. "அன்னிக்கே ஒருத்தர் எழுபது வருஷம்னு சொல்லியிருந்தா எங்காத்தா பொட்டியைப் பிரிச்சிருக்கும். ரெண்டு வருஷம்னு சொல்றவனைத்தான் நம்பக் கூடாது. கசப்பைச் சொல்லிட்டு நல்லதையும் சொல்றான் பாரு, இவன் பேச்சை நம்பலாம்." அப்பா தீர்க்கதரிசியை அவன் இவன் என்றது சிலருக்குப் பிடிக்காது. அவர் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நாம் ஒரு மனிதரை எப்போது நம்புகிறோம்? இனிப்பாகப் பேசும்போதா, நமக்குப் பிடிக்காததையும் மறைக்காமல் சொல்லும்போதா? முழுப் புத்தகத்தைப் படித்தால் வேதம் எதையும் மறைப்பதில்லை என்பது தெரியும். தெரிய வந்தால் அதன் ஆறுதல் வார்த்தைக்கும் எடை கூடிவிடுகிறது. அட்டையில் மட்டும் படிக்கிறவருக்கு அந்த எடை எப்படித் தெரியும்?

அடுத்த வாரமே அப்பா காத்திருப்பதை விட்டுவிட்டு, தொழிலாளர் துறையில் மனு எழுதிக் கொடுத்தார். அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுத்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்ததும் அப்பாதான். வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, அதன் பின்புறம் பேரிக்காய்க் கன்று வைத்தார். "காய்க்கிறதுக்குள்ள நீங்க இருப்பீங்களா?" என்று அம்மா கேட்டதற்கு, தோட்டம் போடச் சொன்னவர் கனியைப் பற்றியும் சொல்லியிருக்கிறார் என்றார்.

பிறகு 32-ஆம் அதிகாரம் வந்தபோது அப்பாவும் வேதபாடத்துக்கே வந்துவிட்டார். எருசலேமைச் சுற்றி எதிரி ராணுவம், எரேமியா காவலில் இருக்கிறார், அந்த நேரத்தில் தகப்பனின் சகோதரன் மகன் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். அவர் பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். பத்திர ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்த அதிகாரம் ரொம்பப் பிடித்துப்போனது. வாங்கி முடித்த கையோடு எரேமியா, "இந்த நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே" என்கிற மாதிரி ஆண்டவரிடமே கேட்கவும் செய்கிறார். முதலில் கீழ்ப்படிந்தார், கேள்வியை அப்புறம் கேட்டார். பயம் வருகிறதே என்று வருத்தப்படுகிறீர்களே, பயத்தோடும் கேள்வியோடும் பத்திரம் முடித்தவர் அவர்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் வாக்குத்தத்தங்களை நம்பக் கூடாது என்கிறாயா?" என்று ஒருவர் வருவார், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கும் அட்டை எடுக்கிறேன். எடுத்ததும் அந்த அதிகாரத்தைத் திறந்து, அதற்கு முன்னும் பின்னும் இருப்பதையும் படிக்கிறேன். ஊழியக்காரர் சொன்னதைச் சோதிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 17:11. பெரோயா ஊர்க்காரர்கள், பவுல் சொன்னது சரிதானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பேர் வாங்கினார்கள். பவுலுக்கே அந்தச் சோதனை உண்டென்றால் நாற்பது நாள் பிரசங்கியார் எந்த மூலை?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். சாயங்கால வேதபாடத்துக்கு ஆள் குறைவதற்கு விசுவாசக் குறைவு மட்டும் காரணமில்லை. எங்கள் பாதையில் தெருவிளக்கு எரிந்து வெகுநாளாயிற்று. கரடி தேயிலைக் காட்டிலிருந்து நேராகப் படிக்கட்டுக்கு வருகிறது, காட்டுமாடு குறுக்கே நின்றால் மணிக்கணக்காக நகராது. மனு கொடுத்தோம், கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமும் சொன்னோம். டூரிஸ்டுகள் அந்தக் கரடியை வீடியோ எடுத்துப் போட்டு லைக் வாங்குகிறார்கள், நாங்கள் டார்ச்சைத் தட்டித் தட்டிக்கொண்டு நடக்கிறோம். இப்போது கூடுகையையே ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றிவிட்டோம், சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் தூங்குகிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். எடுத்த எடுப்பில் எரேமியா வேண்டாம், மூச்சு வாங்கும். ரூத் நாலு அதிகாரம், ஆபகூக் மூன்று, பிலிப்பியர் நாலு. ஆபகூக், "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று சண்டையோடு ஆரம்பிக்கிற புத்தகம், உங்கள் மனநிலைக்கு அதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது. அத்திமரம் துளிர்விடாமல் போனாலும் என்கிற கடைசி வரிகளுக்கு ஓடிவிடாமல், அவர் முதலில் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபையில் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, உங்கள் சபையிலும் இருப்பார்கள், அதற்கெல்லாம் பார்த்தால் ஆகாது. முடிந்தால் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் படித்தால் கசக்கிற இடம் வரும்போது நம்மை அறியாமலே பக்கம் திரும்பிவிடும்.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். பாதி வந்தது. மீதிக்கும் வட்டிக்கும் மனு நடந்துகொண்டிருக்கிறது, கூப்பிட்ட தேதிக்கெல்லாம் அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டு வருகிறார். எங்கள் குழு இப்போது எபிரெயர் 7-ல் மெல்கிசேதேக்கு என்கிற ஆசாரியரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆதியாகமம் 14-ஐயும் சங்கீதம் 110-ஐயும் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் நகர்த்துகிறோம். நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது எளிமையாக எழுதினால் டீச்சரம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் ஒத்துக்கொள்வார் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.