கண்டுபிடிப்பைப் பேட்டன்ட் எடுக்காமல் திறந்துவிட்டால் நஷ்டமா?

ராணிப்பேட்டை டேனரிக் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீரில் உப்பை அளக்கும் சின்னக் கருவி செய்திருக்கிறீர்கள். பேட்டன்ட் எடுப்பதா, எல்லோருக்கும் திறந்துவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே எடுங்கள். வரைபடத்தை இணையத்தில் போட்டுவிட்டு அப்புறம் பேட்டன்ட் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. புதுமை போய்விட்டது என்பார்கள். உள்ளே ஓடும் நிரலுக்கு மட்டும் தனியாக இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது, பதிப்புரிமைதான்.

திறந்துவிடுவது என்றால் சும்மா தூக்கிக் கொடுப்பது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உரிமை உங்களிடமே இருக்கிறது, நிபந்தனையோடு அனுமதி தருகிறீர்கள். வன்பொருளுக்கென்றே, ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன் எழுதிய திறந்த உரிமம் இருக்கிறது. அதன் கண்டிப்பான வகையில், உங்கள் வடிவமைப்பை மாற்றி விற்பவர் தன் மாற்றத்தையும் திறந்து காட்டியாக வேண்டும்.

2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவைப் பாருங்கள். கணினிச் செயலி எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வகுக்கும் தொகுதி அது. அந்தக் கட்டளைத் தொகுதிக்கு உரிமக் கட்டணம் இல்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலி அதன்மேல் எழுந்ததுதான்.

உங்கள் கருவியில் காசு சர்க்யூட்டில் இல்லை என்பது என் கணிப்பு. கழிவுநீரில் கிடக்கும், உப்பை உணரும் முனையில் சுண்ணாம்பும் கொழுப்பும் படியும், அளவு தப்பும். அதைக் கழுவி, தெரிந்த உப்புக் கரைசலில் முக்கிச் சரிபார்த்துத் தர ஆள் வேண்டும். டேனரிக்காரர் பணம் கொடுப்பது அதற்குத்தான். சர்க்யூட்டைத் திறந்துவிடுங்கள், பெயரை மட்டும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.