கருப்பு கேனில் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில், இருபத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபின் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தன்னார்வக் குழுவோடு போய், மெக்சிகோ எல்லையை ஒட்டிய சொனோரா பாலைவனத்தில் தண்ணீர் வைத்துவருகிறேன். அதைப் பற்றி நான் இந்த இதழில் எழுதியதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கோபத்தோடு எழுதியவர்களின் கேள்விகளையும் ஒதுக்கவில்லை.

பாலைவனத்தைக் கடக்கப் போகிறவர்கள் போதிய தண்ணீர் எடுத்துக்கொண்டு போகக் கூடாதா? சாவு அவர்களுடைய கவனக்குறைவால் வருவதுதானே?
— வாசகர், கோவை

கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஐயா. ஜூன் மாதத்தில் நிழலிலேயே 42, 43 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்த வெயிலில் நடக்கிற உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர்கூட வேர்வையாகப் போய்விடும். ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஐந்து நாள் நடைக்கு 40 லிட்டர் வேண்டும். அது 40 கிலோ எடை. வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்குகிற கல்சரிவுகளில், அதுவும் இருட்டில், அதைத் தூக்கிக்கொண்டு யாராலும் நடக்க முடியாது.

எல்லைக்குத் தெற்கே ஆல்தார் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கடைகளில் கருப்பு பிளாஸ்டிக் கேன்கள் விற்பார்கள். வெள்ளைக் கேன் வெயிலில் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கருப்பு. மணலில் காலடித் தடம் பதியாமல் இருக்கக் கம்பளத் துணியில் தைத்த காலுறைச் செருப்பும் அங்கேயே கிடைக்கும். ஒரு கேன் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலோர் இரண்டு கேன் தூக்குகிறார்கள். முதல் நாளிலேயே அது தீர்ந்துபோகும். அழைத்துப் போகிறவனை அங்கே 'கொயோட்டே' என்பார்கள். அவன் 'இரண்டு இரவு நடை' என்று சொல்லியிருப்பான். ஐந்தாம் நாளும் நெடுஞ்சாலை வந்திருக்காது.

பிறகு உடம்பில் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு. தசைகள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தில் இறங்கும்போது சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்துக்கு மாறும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை குழம்பும். எரிகிறது, எரிகிறது என்று சட்டையைக் கழற்றிப் போடுவார்கள். நன்றாக வழி தெரிந்தவர்களைப் போலத் தவறான திசையில் விறுவிறுவென்று நடப்பார்கள். கையில் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே இறந்து கிடந்தவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால் கொப்புளம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் கொப்புளம் உடைந்து நடக்க முடியாதவரைக் கூட்டம் விட்டுவிட்டுப் போய்விடும். தனியாக விடப்பட்டவர் வழி தெரியாமல் அங்கேயே முடிந்துபோகிறார். அதனால்தான் நாங்கள் தண்ணீரோடு காலுறைகளையும் வைக்கிறோம்.

கள்ளிச் செடியை வெட்டித் தண்ணீர் குடிக்கலாம் என்பார்களே?
— வாசகர், சேலம்

தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். பீப்பாய்க் கள்ளியின் சோற்றுச் சாறு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இருக்கிற நீரும் வெளியேறிவிடும். மாடுகளுக்காகக் கட்டிய குட்டைகளில் பச்சை பூத்த தண்ணீரைக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழி இல்லாதபோது அதைக் குடித்தார்கள். நான் அவர்களைத் திட்டவில்லை.

சட்டத்தை மீறி நுழைகிறவர்களுக்குத் தண்ணீர் வைப்பது, 'வாருங்கள்' என்று அழைப்பதாகாதா? நீங்களே ஆபத்துக்குத் துணைபோகிறீர்கள்.
— வாசகர், சென்னை

இதே கேள்வியை ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1990களின் தொடக்கம் வரை பெரும்பாலோர் ஊர்களின் ஓரமாகத்தான் எல்லை தாண்டினார்கள். சான் டியாகோ, எல் பாசோ போன்ற நகரங்களில் வேலியைத் தாண்டினால் மறுபக்கம் தெரு. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், உயிர் போகாது. 1993இல் எல் பாசோவிலும் 1994இல் சான் டியாகோவிலும் காவலைக் குவித்து அந்த வழிகளை அடைத்தார்கள். அந்த 1994ஆம் ஆண்டின் எல்லைக் காவல் படைத் திட்ட ஆவணமே, நுழைகிறவர்கள் இன்னும் கடுமையான நிலப்பரப்புக்குத் தள்ளப்படுவார்கள் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது. கடும் நிலத்தைக் கண்டால் ஜனங்கள் வருவதையே விட்டுவிடுவார்கள் என்பது கணிப்பு. ஜனங்கள் விடவில்லை. டூசானில் உள்ள பீமா மாவட்டப் பிணப் பரிசோதனை அலுவலகத்துக்கு 1990களில் ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு போல எல்லை தாண்டியவர்களின் உடல்கள் வந்தன. 2000க்குப் பிறகு பல ஆண்டுகளில் அது 150ஐத் தாண்டியது. ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பு 2022இல் மட்டும் அமெரிக்க – மெக்சிகோ எல்லையில் 686 பேர் இறந்ததாகவோ காணாமல் போனதாகவோ பதிவு செய்தது. அதில் ஏறத்தாழப் பாதி சொனோரா, சிவாவா பாலைவனங்களில் நடந்தவை.

எங்கள் குழுக்கள் உருவானது 2000ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும்தான். சாவு முதலில் வந்தது, தண்ணீர் அதன் பிறகு வந்தது. தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக யாரும் சித்திரை வெயிலில் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. குவாதமாலாவில் காபித் தோட்டம் காய்ந்து கடன்பட்டவரோ, கொலைமிரட்டலுக்குப் பயந்து ஓடிவந்தவரோ நாங்கள் தண்ணீர் வைக்கிற நீலப் பீப்பாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்.

சட்ட மீறல் என்கிறீர்கள். உண்மை. அனுமதியின்றி முதல் தடவை நுழைவதற்கு அந்த நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை. அதை ஒரு நீதிபதி விதிக்கட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆறு மாதத் தண்டனைக்குரிய தவறுக்கு நாக்கு வீங்கிச் சாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நேர்வழியில் விண்ணப்பித்து வரலாமே?
— வாசகி, திருச்சி

கல்வியும் பணமும் உள்ளவர்களுக்கு விசா என்கிற வாசல் இருக்கிறது. நான் அப்படித்தான் வந்தேன். கூலித் தொழிலாளிக்கு அந்த வரிசையில் நிற்க இடமே இல்லை. உயிருக்குப் பயந்து வருகிறவருக்கு இன்னொரு வாசல்: அமெரிக்க மண்ணில் கால் வைத்த எவரும், எந்த வழியாக நுழைந்திருந்தாலும், அடைக்கலம் கேட்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடைமுறையில் அந்த வாசல் ஒடுங்கிக்கொண்டே வந்தது. 2017இல் எல்லை தாண்டியவுடன் இருபத்தைந்து கஜ தூரத்திலேயே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊரில் தம்மைக் கடத்தி அடித்தார்கள் என்று சொன்ன விவசாயி அவர். அதிகாரிகள் அடைக்கலம் மறுத்து விரைவு வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டதை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 2020 ஜூனில் தீர்ப்பாயிற்று. 2025 ஜனவரியில் வந்த அதிபரின் அறிவிப்பு மிச்சமிருந்த இடுக்கையும் அடைக்கப் பார்த்தது. அதை எதிர்த்தும் வழக்குகள் நடந்தன. வாசல் அடைபடும்போதெல்லாம் கொயோட்டேயின் கூலி ஏறும்.

தண்ணீர் வைத்தால் உங்களைக் கைது செய்ய மாட்டார்களா?
— வாசகர், புதுச்சேரி

செய்திருக்கிறார்கள். 2008இல் வனவிலங்குக் காப்பகம் ஒன்றில் தண்ணீர்க் கேன் வைத்த தன்னார்வலர் மீது 'குப்பை போட்டார்' என்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். மூடி திறக்காத, சுத்தமான குடிதண்ணீரைக் குப்பைக் கணக்கில் சேர்ப்பதா என்று கேள்வி எழுந்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. 2019இல் நான்கு பெண்கள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து தண்ணீரும் உணவும் வைத்ததற்குத் தண்டிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு அதுவும் ரத்தாயிற்று. அஹோ என்ற ஊரில் இரண்டு பேருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்த புவியியல் ஆசிரியர்மீது கடுங்குற்ற வழக்கு. ஒரு ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. 2019 நவம்பரில் இரண்டாவது ஜூரி அவரை விடுவித்தது.

எங்கள் குழுவின் வழக்கம் இது: தண்ணீர், உணவு, முதலுதவி கொடுப்போம். வண்டியில் ஏற்ற மாட்டோம். கத்தியால் குத்திக் கிழித்த கேன்களை எத்தனையோ தடவை பொறுக்கியிருக்கிறோம். யார் செய்தார்கள் என்று பார்த்ததில்லை. எல்லைக் காவல் படையினரே கேன்களை உதைத்துக் கொட்டும் காணொளி ஒன்று 2018இல் வெளியானது. அதே படையில் 1998 முதல் மீட்புப் பிரிவும் இருக்கிறது. சாகக் கிடந்தவரைத் தோளில் தூக்கிவந்த காவலர்களை அவசரப் பிரிவில் நானே எதிர்கொண்டிருக்கிறேன். இரண்டும் உண்மை.

பெற்ற குழந்தையை அந்தப் பாலைவனத்துக்கு இழுத்துப் போகிறவர்கள் பெற்றோர்களா?
— வாசகி, மதுரை

2019 ஜூனில் ஏழு வயதுகூட நிறையாத ஒரு பஞ்சாபிச் சிறுமி அங்கே இறந்தாள். ஆள்கடத்துகிறவர்கள் எல்லைக்கருகில் ஆளரவமற்ற இடத்தில் ஐந்து இந்தியர்களை இறக்கி, 'இப்படியே நடங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். வெப்பம் 42 டிகிரி. தாய், மகளை உடன்வந்த பெண்ணிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் தேடிப் போனாள். அவளால் திரும்பி வர முடியவில்லை. தந்தை பல ஆண்டுகளாக அமெரிக்காவில் அடைக்கல வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்தவர். மகள் அவரைப் பார்த்த நினைவே இல்லாத வயதில் அவர் போயிருந்தார்.

அம்மா, அந்தத் தாய் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிலத்தைத் தெரிந்த யாரும் குழந்தையை அங்கே கொண்டுபோக மாட்டார்கள். அவளுக்கு அந்த நிலம் தெரியாது. பணம் வாங்கியவனுக்குத் தெரியும். என் கோபத்தை முதலில் அவனிடமும், கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ இத்தனை ஆண்டு காக்கவைக்கும் முறையிடமும் வைக்கிறேன்.

நீங்கள் எடுத்த முடிவுகளில் இன்றும் உறுத்துவது எது?
— வாசகி, தஞ்சாவூர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், எல்லைக்கருகில் உள்ள அரிவாகா என்ற சிற்றூருக்குத் தெற்கே காய்ந்த ஓடையில், மரத்தடி நிழலில் ஓர் இளைஞர் கிடந்தார். குவாதமாலாக்காரர். கூட்டம் விட்டுப்போய் இரண்டு நாள். தோல் காய்ந்து சூடாக இருந்தது, வேர்வையே இல்லை. தன் பெயரைச் சொன்னார். என்ன கிழமை என்று தெரியவில்லை. நான் தொலைபேசியை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 'கூப்பிடாதீர்கள்' என்று ஸ்பானிஷில் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தால் பெரும்பாலும் எல்லைக் காவல் படைதான் வரும் என்பது அவருக்கும் தெரியும். வீட்டை அடகு வைத்து வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டால், கடன் அப்படியே இருக்கும்.

தெளிந்த புத்தியோடு ஒருவர் மறுத்தால் அவர் சொல்தான் முடிவு என்பது எங்கள் குழுவின் நெறி. அவர் தெளிவாக இருந்தாரா? பாதி இருந்தார். நான் அழைத்தேன். ஹெலிகாப்டர் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஈரத் துணியால் அவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயிரோடு ஏற்றிப்போனார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு இதே போல ஒரு பெண். கால் முழுவதும் கொப்புளம், ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. மறுத்தார். கட்டுப்போட்டு, தண்ணீரும் காலுறையும் கொடுத்துவிட்டு வந்தோம். மறு வாரம் அதே இடத்துக்குப் போய்ச் சுற்றிலும் தேடினேன். ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எந்த இரவு தூக்கம் வராவிட்டாலும், நினைவுக்கு வருவது அந்த இளைஞர் இல்லை, அந்தப் பெண்தான்.

என் தம்பி பிரேசில் வழியாக மெக்சிகோ வரை போனான். மே மாதம் சொனோராவிலிருந்து 'இன்றிரவு நடக்கப் போகிறோம்' என்று பேசினான். அதன்பிறகு ஒரு செய்தியும் இல்லை. யாரிடம் கேட்பது?
— வாசகி, யாழ்ப்பாணம்

அன்புத் தங்கைக்கு, தம்பி தடுப்பு மையத்தில் இருக்கக்கூடும். பிடிபட்டவுடன் தொலைபேசியை வாங்கிவைத்துவிடுவார்கள். அதனால் பேசாமல் இருக்கலாம். அமெரிக்கக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் தடுப்பில் இருப்பவர்களைப் பெயராலும் பிறந்த நாட்டாலும் தேடலாம். ஓர் எழுத்து மாறினாலும் காட்டாது. நம் பெயர்களில் தந்தையின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அவர்களுக்குக் குழம்பும். கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரு தடவை, முன்பின் மாற்றி ஒரு தடவை, முன்னெழுத்தை விரித்து ஒரு தடவை தேடுங்கள். அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்கும் எழுதுங்கள்.

அதோடு, மனம் ஒப்பாவிட்டாலும், பீமா மாவட்டப் பிணப் பரிசோதனை அலுவலகத்துக்கும் டூசானில் உள்ள கொலிப்ரி மையத்துக்கும் தகவல் கொடுங்கள். அடையாளம் தெரியாதவர்களைக் குடும்பத்தோடு சேர்ப்பதற்காகவே 2013இல் தொடங்கிய மையம் அது. மரபணு ஒப்பிட வேண்டிவந்தால் உங்களுடையதைவிட அம்மா, அப்பாவுடையது உதவும். 'தம்பி எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்' என்று யாராவது அழைத்தால், அவன் குரலைக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

இப்போதே உட்கார்ந்து எழுதிவையுங்கள்: பல்லில் அடைப்பு உண்டா, எலும்பு முறிந்த கை எது, தழும்பு எங்கே, இடுப்புப் பட்டையின் உள்பக்கம் தொலைபேசி எண் தைத்திருந்தானா, கழுத்தில் என்ன போட்டிருந்தான், என்ன நிறச் சட்டை. சட்டை நினைவில் இல்லையென்றால் அவன் கடைசியாக அனுப்பிய படத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதே உடையில்தான் நடந்திருப்பான்.