தொடக்கத்திலிருந்தே செல்லாத பாலிசியா?

கேள்வி: விபத்தில் சேதமடைந்த என் காருக்கு இழப்பீடு கேட்டேன். காரை என் மகனும் வழக்கமாக ஓட்டுவதை விண்ணப்பத்தில் தெரிவிக்கவில்லை என்று கூறி, பாலிசியே முதல் நாளிலிருந்து செல்லாது எனக் காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது. படிவத்தை நிரப்பியவர் முகவர். நான் கையெழுத்து மட்டுமே போட்டேன். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் அதிர்ச்சி நியாயமானது. பாலிசியை ரத்து செய்தால், அந்த நாளுக்குப் பிறகுதான் பாதுகாப்பு நிற்கும். தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றாலோ, நடந்து முடிந்த விபத்துக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. இவ்வளவு கடுமையான முடிவை எடுக்கும் நிறுவனம்தான் அதற்கான காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்பது பொதுவான சட்டக் கொள்கை.

ஆகவே, மறுப்புக்கான காரணத்தை எழுத்து மூலமும், நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலையும் முதலில் கேட்டுப் பெறுங்கள். வேறு யார் ஓட்டுவார்கள் என்ற கேள்வி அதில் தெளிவாகக் கேட்கப்பட்டிருந்ததா என்பதில்தான் பெரும்பாலும் வழக்கின் உயிர் இருக்கிறது. முகவரிடம் மகனைப் பற்றிச் சொல்லியிருந்தால், அதற்கான குறுஞ்செய்தியையோ மின்னஞ்சலையோ தேடி எடுங்கள். ஆனால், படிக்காமல் போட்ட கையெழுத்து உங்களுக்கு எதிராகவே நிற்கக்கூடும்.

கவனக்குறைவையும் வேண்டுமென்றே மறைத்ததையும் ஒன்றாக நடத்துவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்திருக்கிறது. கவனக்குறைவாக விடுபட்ட தகவல் முன்பே தெரிந்திருந்தால் நிறுவனம் கூடுதல் பிரீமியம் மட்டுமே வசூலித்திருக்கும் எனில், அது இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாமே தவிர முழுவதும் மறுக்க முடியாது. 100 கட்ட வேண்டிய இடத்தில் 60 கட்டியிருந்தால், இழப்பீட்டில் 60 சதவீதம் கிடைக்கும். உங்கள் நாட்டுச் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

விபத்தில் பிறர் காயமடைந்திருந்தால் அது தனி விஷயம். வழக்கமான ஓட்டுநர் யார் என்பதைப் பற்றிய பொய்த் தகவலைக் காட்டி, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு மறுக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

நிறுவனம் பிரீமியத்தைத் திருப்பி அனுப்பினால், முடிவை ஏற்கவில்லை என்று எழுதித் தெரிவிக்காமல் அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் புகார்ப் பிரிவு கைவிரித்தால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையோ நீதிமன்றத்தையோ கால வரம்புக்குள் அணுகுங்கள். அதுவரை, வேறு பாலிசி எடுக்காமல் அந்தக் காரைச் சாலையில் இறக்க வேண்டாம். புதிய விண்ணப்பத்தில் முந்தைய பாலிசி பற்றிக் கேட்டிருந்தால், நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள்.