ஆகஸ்ட் காயமும் அவசர டிரேடும்: வைக்கிங்ஸ் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

என்எஃப்எல் எனும் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் ஆடும் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ரசிகர்களுக்கு ஆகஸ்ட் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 2016இல் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர், 2020இல் எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் டேனியல் ஹன்டர், 2024இல் இன்னொரு குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி என்று சீசன் தொடங்கும் முன்பே முக்கியமான ஆள் ஒருவர் படுத்துவிடுகிறார். உடனே "யாரையாவது டிரேடில் எடுங்க" என்ற கூச்சல் கிளம்பிவிடுகிறது. டிரேட் என்றால் பெரும்பாலும் வேறு அணிக்கு டிராஃப்ட் பிக் கொடுத்து ஆளை வாங்குவது; புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட், அதில் ஒரு வாய்ப்புதான் பிக், முதல் சுற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சீசனுக்கு முந்தின பயிற்சி கேம்ப்பில் ஒருத்தர் விழுந்த பத்து நிமிஷத்துல "ஏசிஎல் போச்சு"ன்னு செய்தி வந்துடுது. எம்ஆர்ஐ எடுக்காமலே எப்படித் தெரியுது?

கையால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். விழுந்தவரைப் படுக்கவைத்து, முழங்காலை 20–30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பை முன்பக்கமாக இழுப்பார்கள். முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் நாரான ஏசிஎல் நன்றாக இருந்தால் கயிறு விறைத்து நிற்பது போல ஓர் இடத்தில் 'டக்'கென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். இதற்குப் பெயர் லாக்மன் சோதனை. கொஞ்ச நேரம் போனால் முட்டி வீங்கி, வலியில் தொடைத் தசை இறுகிவிடும். அப்புறம் இழுத்தால் ஒன்றும் தெரியாது. காயத்தைப் பார்க்கும் டிரெய்னர் விழுந்தவரிடம் பாய்ந்து ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். எம்ஆர்ஐ அதை உறுதிசெய்து, முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்திருக்கிறதா என்பதையும் காட்டும்.

யாரும் மேலே விழாமல், ஷூ தரையில் மாட்டி முட்டி உள்பக்கம் மடிந்தால் அதுவே கெட்ட சகுனம். பிரிட்ஜ்வாட்டருக்கு 2016 ஆகஸ்ட் 30 அன்று நடந்ததும் அதேதான். பந்தோடு பின்னால் அடி வைத்தார், யாரும் தொடவில்லை. ஏசிஎல் அறுந்ததோடு முட்டி மூட்டே விலகிவிட்டது. மூட்டு விலகினால் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்கவேண்டி வரலாம். தலைமை டிரெய்னர் எரிக் ஷுகர்மனும் அவருடைய ஆட்களும் உடனே பாய்ந்து பார்த்ததைப் பிறகு எல்லோரும் பாராட்டினார்கள். நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் சேதமில்லை என்று தெரிந்தது. அன்றைய பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: மெக்கார்த்திக்கு வெறும் மெனிஸ்கஸ்தானே, அண்ணா? மத்தவங்க ஒரு மாசத்துல திரும்பி வர்றாங்க, இவர் மட்டும் ஏன் முழு சீசன் உட்கார்ந்தார்?

மெனிஸ்கஸுக்கு இரண்டு வகை வைத்தியம் உண்டு. கிழிந்த துண்டை வெட்டி எடுப்பது ஒன்று; அதைச் செய்தவர் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஆடலாம். கிழிந்த இடத்தைத் தைப்பது இன்னொன்று. அது நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். மெனிஸ்கஸின் வெளி விளிம்புக்குத்தான் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். கிழிசல் அங்கே இருந்தால் தையல் ஆறும், உள்பக்கம் இருந்தால் ஆறுவது கடினம். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு செய்வார். அறுவை சிகிச்சைக்கு முன் அணி தேதி சொல்லாமல் மழுப்புவது அதனால்தான், எல்லாம் மறைப்பு வேலை இல்லை.

வெட்டி எடுத்தால் இந்த வருடம் லாபம், பத்து வருடம் கழித்து எலும்போடு எலும்பு உரசும். 21 வயதுப் பையன், டிராஃப்டில் பத்தாவதாக எடுத்த குவார்ட்டர்பேக். தைத்ததுதான் சரி.

கேள்வி: ஹாம்ஸ்ட்ரிங் என்றால் எத்தனை நாள்?

ஹாம்ஸ்ட்ரிங் என்பது தொடையின் பின்தசை. லேசான இழுப்பு என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரம். பாதி கிழிந்திருந்தால் நான்கிலிருந்து எட்டு வாரம். ஓரளவு ஆறியதும் நடக்கும்போது வலிக்காது, மெதுவாக ஓடும்போதும் வலிக்காது. முழு வேகத்தில் காலை நீட்டும் அந்தக் கணத்தில்தான் மறுபடி பிடிக்கும். பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவரும் அவரைத் தடுக்கும் கார்னர்பேக்கும் அவசரப்பட்டுத் திரும்பினால் அக்டோபர் வரை இழுத்துக்கொண்டே போகும். சீசன் தொடங்கும்வரை அதிகாரப்பூர்வ காய அறிக்கை கிடையாது என்பதால் பயிற்சியாளர் வாயிலிருந்து வருவதுதான் செய்தி. "நாளுக்கு நாள் பார்க்கிறோம்" என்றால் கவலை வேண்டாம். "வாரத்துக்கு வாரம்" என்றால் முதல் ஆட்டத்தை மறந்துவிடுங்கள். 2020இல் ஹன்டருக்கு ஏதோ சின்னப் பிடிப்பு என்கிற மாதிரிதான் பேசினார்கள். கழுத்தில் வட்டு விலகியிருந்தது, அந்த வருடம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கேள்வி: பியூபி, ஐஆர், வெய்வ்டு-இன்ஜர்டு எல்லாம் தலை சுத்துது. வெட்டுற அன்னிக்கு எதை எப்படிக் கணக்குப் பார்க்கணும், சார்?

கேம்ப்பில் 90 பேர், ஆகஸ்ட் கடைசியில் வெட்டு (ஆட்களை விடுவிப்பது) முடிந்து 53 பேர். இடையில்தான் எல்லா வித்தையும்.

பியூபி என்பது கேம்ப் தொடங்கும்போதே உடல் தயாராக இல்லாதவருக்கான பட்டியல். ஒரே ஒரு பயிற்சியில் இறங்கிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பட்டியலில் வைக்க முடியாது. டிரெய்னரோடு பக்கத்து மைதானத்தில் தனியாக ஓடுகிறாரே, அணியோடு சேர்ந்தால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். 53 ஆகும் நாளிலும் பியூபியில் இருந்தால் முதல் நான்கு ஆட்டங்கள் கிடையாது, ஆனால் 53இல் இடமும் பிடிக்க மாட்டார். வைக்கிங்ஸின் டி.ஜே. ஹாக்கன்சன் 2024இல் இப்படித்தான் இருந்தார். 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முட்டி போனது, நவம்பர் 3 அன்றுதான் மறுபடி களம் இறங்கினார்.

ஐஆர் என்பது காயப்பட்டவர்களை ஒதுக்கி வைக்கும் பட்டியல். அதில் தேதிதான் எல்லாம். 53 ஆகும் நாளுக்கு முன்பே ஐஆரில் போட்டால் அந்த வருடம் இந்த அணிக்கு அவர் இல்லை. 2024இலிருந்து ஒரு சலுகை: வெட்டும் நாளில் இரண்டு பேரை மட்டும் 'திரும்பி வரலாம்' என்று குறித்து ஐஆரில் போடலாம். ஆனால் ஐஆரிலிருந்து ஆளைத் திரும்ப அழைக்கச் சீசன் முழுக்க உள்ள எட்டு வாய்ப்புகளில் இரண்டு அப்போதே கழிந்துவிடும். மூன்றாவது ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் பழைய வழிதான். அவரை வெட்டும் நாளான செவ்வாய்க்கிழமை 53க்குள் வைத்துக்கொள்வார்கள், அவருக்குப் பதிலாக ஒரு மூத்த வீரரை வெட்டுவார்கள். நான்கு சீசன் முடித்தவர் வெய்வருக்கு (விடுவித்தவரை மற்ற அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் முறை) அப்போது போகமாட்டார் என்பதால் வேறு அணி அவரைத் தட்டிக்கொண்டு போக முடியாது. மறுநாள் காயப்பட்டவர் ஐஆருக்குப் போவார், மூத்தவர் திரும்பிக் கையெழுத்துப் போடுவார். வெட்டுப் பட்டியலில் தெரிந்த பெயரைப் பார்த்துப் பதறாதீர்கள், 24 மணி நேரம் பொறுங்கள்.

வெய்வ்டு-இன்ஜர்டு என்பது காயத்தோடு விடுவிக்கப்படும் இளம் வீரர்களுக்கு. வேறு யாரும் எடுக்காவிட்டால் சொந்த அணியின் ஐஆருக்கே திரும்புவார், இல்லையென்றால் சில வாரச் சம்பளம் பேசி வாங்கிக்கொண்டு போவார்.

கேள்வி: பிரிட்ஜ்வாட்டர் விழுந்ததும் குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை வாங்கின டிரேட் நல்லதா கெட்டதா? வருஷக்கணக்கா இங்கே சண்டை ஓயலை.

அன்றைய நிலையைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள். 2015இல் 11 வெற்றி, 5 தோல்வி (11-5), டிவிஷன் சாம்பியன். புது ஸ்டேடியத்தில் முதல் சீசன். பிரிட்ஜ்வாட்டருக்கு அடுத்த ஆள் 36 வயது ஷான் ஹில். காயம் ஆகஸ்ட் 30, டிரேட் செப்டம்பர் 3, முதல் ஆட்டம் செப்டம்பர் 11. இவ்வளவு அவசரத்தில் கடைக்குப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

எதிரே இருந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸில் ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த ஹோவி ரோஸ்மன். கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்து வைத்திருந்தார், பிராட்ஃபோர்ட் இல்லாமலும் அவருக்குப் பிழைப்பு ஓடும். நம் பொது மேலாளர் ரிக் ஸ்பீல்மன் கொடுத்தது 2017இன் முதல் சுற்று பிக், 2018இன் நிபந்தனையுள்ள நான்காம் சுற்று பிக். அந்த முதல் சுற்று பிக் 14ஆவதாக வந்து டெரிக் பார்னெட் ஆனது. அந்தச் சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் எதிரணி குவார்ட்டர்பேக் டாம் பிரேடி கையிலிருந்து பறிபோன பந்தை விழுந்து பிடித்தவர் அவர்தான். அந்த ஆட்டம் நடந்தது மினியாபொலிஸில், நம் மைதானத்திலேயே. இதற்குமேல் எரிச்சலூட்ட முடியாது.

பிராட்ஃபோர்ட் மோசமாக ஆடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016இல் 71.6 சதவீத பாஸ்கள் நிறைவு, அப்போது அது சாதனை. அணி 5-0 என்று தொடங்கி 8-8இல் முடிந்தது, ஏனென்றால் முன்வரிசை ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஆனால் அவருடைய இடது முட்டியில் 2013இலும் 2014 ஆகஸ்ட்டிலும் ஏசிஎல் அறுந்திருந்தது. 2017இல் முதல் ஆட்டத்தோடு அதே முட்டி மக்கர் செய்தது. மாற்று குவார்ட்டர்பேக் கேஸ் கீனம் வந்து அணியை 13-3 வரை கொண்டுபோனார். முட்டிக் காயத்துக்கு மாற்றாக முட்டி சரியில்லாதவரை முதல் சுற்று கொடுத்து வாங்கியது என் கணக்கில் தப்பு. இரண்டாம் சுற்று என்றால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

கேள்வி: அதுக்கு எங்காக்வே டிரேடே மோசமில்லையா?

மோசம்தான், ஆனால் காரணம் வேறு. எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் யானிக் எங்காக்வேக்காக 2020 ஆகஸ்ட் கடைசியில் ஜாக்சன்வில்லுக்கு 2021இன் இரண்டாம் சுற்றும் நிபந்தனையுள்ள ஐந்தாம் சுற்றும் கொடுத்தார்கள். அவர் ஃபிரான்சைஸ் டேகில் (ஒப்பந்தம் முடிந்தவரை ஒரு வருடம் மட்டும் பிடித்து வைக்கும் உரிமை) இருந்தார். ஜூலை நடுவில் கெடு முடிந்தபின் டேகில் உள்ளவரோடு நீண்டகால ஒப்பந்தம் பேச முடியாது. ஆக, ஒரு வருட வாடகைக்கு இரண்டாம் சுற்று. ஆறு ஆட்டத்தில் ஐந்து சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்தார், அணி 1-5. அக்டோபர் 22 அன்று பால்டிமோருக்குத் தள்ளிவிட்டபோது திரும்பி வந்தது மூன்றாம் சுற்றும் ஒரு நிபந்தனை ஐந்தாம் சுற்றும். இரண்டு மாதத்தில் ஒரு சுற்று நஷ்டம். பக்கத்தில் ஹன்டர் இருந்தால் எப்படி ஆடுவார் என்று போட்ட கணக்கு அது. ஹன்டர் வரவே இல்லை.

கேள்வி: டிரேடில் வருபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கேப்பில் (அணியின் சம்பள உச்சவரம்பில்) இடம் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

கையெழுத்துப் பணம் பழைய அணியின் தலையில், மீதி அடிப்படைச் சம்பளம் புது அணிக்கு. பிராட்ஃபோர்ட் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.1 கோடி டாலர் கையெழுத்துப் பணத்தை ஈகிள்ஸ் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம், எனவே வருடத்துக்கு 55 லட்சம். ஜூன் 1க்குப் பிறகு டிரேட் நடந்ததால் இந்த வருடப் பங்கு இந்த வருடமும் மீதி அடுத்த வருடமும் ஈகிள்ஸ் கணக்கில் விழுந்தது. வைக்கிங்ஸ் 2016இல் கொடுத்தது 70 லட்சம் மட்டும்.

இன்னொன்று: சீசனுக்கு முன் பெரிய சம்பளக்காரர்கள் 51 பேர்தான் கேப்பில் எண்ணப்படுவார்கள். சீசன் தொடங்கியதும் 53 பேர், ஐஆர், பயிற்சிக் குழு எல்லாம் சேரும். ஆகஸ்ட்டில் காட்டும் காலி இடத்தை அப்படியே நம்பவேண்டாம்.

கேள்வி: அப்ப டிரேடே கூடாதுங்கறீங்களா?

காலியிடம் எத்தனை வாரத்துக்கு என்று முதலில் பாருங்கள். 2025இல் வைட் ரிசீவர்களில் ஜோர்டன் அடிசனுக்கு மூன்று ஆட்டத் தடை, ஜேலன் நெய்லருக்குக் கையில் காயம். அதற்காக 35 வயது ஆடம் தீலனைத் திரும்ப வாங்க 2026இன் ஐந்தாம் சுற்றையும் 2027இன் நான்காம் சுற்றையும் கொடுத்து, 2027இன் ஐந்தாம் சுற்றையும் நிபந்தனை ஏழாம் சுற்றையும் வாங்கினார்கள். பாசம் புரிகிறது. மூன்று வாரப் பள்ளத்துக்கு அது அதிகம், டிசம்பரில் விடுவித்துவிட்டார்கள்.

2024ஐப் பாருங்கள். மெக்கார்த்தி விழுந்தபோது மார்ச்சிலேயே ஒரு கோடி டாலருக்கு எடுத்த சாம் டார்னல்ட் இருந்தார். யாரிடமும் கெஞ்சவில்லை, 14-3. கார்னர்பேக் மெக்கி பிளாக்மன் கேம்ப் தொடக்கத்திலேயே ஏசிஎல்லோடு போனார். அதற்கும் டிரேட் இல்லை. ஒப்பந்தமில்லாமல் இருந்த ஸ்டெஃபான் கில்மோரை ஆகஸ்ட்டில் எடுத்தார்கள். பணம் போயிற்று, பிக் போகவில்லை. குவார்ட்டர்பேக்கும் அவருடைய இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டாக்கிளும் மட்டும் கையில் மாற்று இல்லையென்றால் டிரேடுக்குப் போகலாம். அப்போதும் பிக்கை ஆட்ட நேரத்தோடு கட்டிப் போடவேண்டும்: பாதி ஸ்னாப்புக்குமேல் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினால் ஒரு சுற்று உயரும், இல்லையென்றால் கீழேயே நிற்கும். உடல் பரிசோதனையில் தேறாவிட்டால் டிரேட் செல்லாது என்ற வரியையும் விடக்கூடாது.

கேள்வி: வெட்டும் நாளில் ஆயிரம் பேருக்கு மேல் வெளியே வருகிறார்கள். அதில் ஒரு நல்ல ஆள் இலவசமாகக் கிடைக்க மாட்டாரா?

அணிக்கு 37 பேர், 32 அணிக்கு 1,184 பேர். கிடைப்பார், ஆனால் நமக்கு வருவாரா என்பது வேறு. இளம் வீரர்கள் வெய்வர் வழியாகப் போகவேண்டும். மூன்றாம் வாரம் வரை வரிசை அந்த வருட டிராஃப்ட் வரிசைதான், தோற்ற அணிக்கு முதலிடம். 14-3 ஆடியதன் பலனாக 2025 ஆகஸ்ட்டில் வைக்கிங்ஸ் நின்ற இடம் 24. முன்னால் இருக்கும் 23 அணியும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்தான் நம் கைக்கு வருவார். மூத்தவர்களுக்கு வரிசை இல்லை, ஆனால் முதல் ஆட்டத்தன்று பட்டியலில் இருந்தால் வருடச் சம்பளம் முழுக்க உறுதியாகிவிடும். அதனால் பல அணிகள் போனை எடுப்பதே இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமைதான்.