தருமபுரி கோர்ட்டில் ஜூரி கிடையாது, அந்தக் கவலை வேண்டாம்

தம்பி, அண்ணன் மேல இருக்கற அடிதடி கேஸ் தருமபுரி செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்திருக்கு, பாலக்கோட்டுப் பக்கம் உங்க ஊர்ல பாதிப் பேர் எதிராளிக்குச் சொந்தம், அவங்களையே ஜூரியா, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொதுஜனங்களா, உட்கார வெச்சுட்டா என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. அப்படி யாரும் உட்கார மாட்டாங்க. நீதிபதி ஒருத்தர்தான் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு சொல்வார். இங்கிலீஷ் படம் பார்த்து வந்த பயம் இது.

ஆனா உங்க பயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. 1166-ல இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி காலத்துல, ஊர் விஷயம் தெரிஞ்சவங்கன்னுதான் அக்கம்பக்கத்து ஆளுங்களைக் கூப்பிட்டு, யார் மேல சந்தேகம்னு சத்தியம் வாங்கிக் கேட்டாங்க. எதுவும் தெரியாதவங்கதான் ஜூரியா இருக்கணும்ங்கறது ரொம்பப் பின்னாடி வந்த வழக்கம்.

இந்த ஜூரி முறையை வெள்ளைக்காரன் இங்கேயும் கொண்டுவந்தான். 1958-லயே சட்ட ஆணையம் எடுத்துடச் சொல்லுச்சு. அடுத்த வருஷம் பம்பாய்ல நானாவதிங்கற கடற்படை அதிகாரி மேல கொலை வழக்கு. ஒன்பது ஜூரிகள்ல எட்டுப் பேர் குற்றமில்லைன்னாங்க. நீதிபதி ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை ஆச்சு. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஜூரிக்கு இடமே இல்லாம போச்சு. பார்சிக்காரங்க விவாகரத்து வழக்குல மட்டும் ஏதோ மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்கு, அது நமக்கெதுக்கு.

நீங்க பார்க்க வேண்டியது சாட்சிகளை. யார் யார் எதிராளிக்கு என்ன உறவுன்னு எழுதி வக்கீல்கிட்ட குடுங்க, குறுக்கு விசாரணையில கேட்பார். வக்கீலுக்குப் பணம் இல்லேன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு போடுங்க.