நொடித்துப்போகும் நிலையில் உள்ள கார் நிறுவனத்தை ஒரு வலுவான தலைமைச் செயல் அதிகாரியால் மீட்டெடுக்க முடியுமா?

முடியும். ஆனால் அவர் எதைச் செய்து மீட்கிறார் என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆலைகளை மூடுவதையும் ஆட்களைக் குறைப்பதையும் எந்தத் தலைவர் வந்தாலும் செய்துவிடுவார். நான் வாகன உதிரிபாகத் துறையில் இருப்பவன். ஆலன் முலாலி ஃபோர்டு நிறுவனத்தை மீட்ட விதத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்துப் படித்திருக்கிறேன் என்பதால், அதை வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

முலாலி 2006 செப்டம்பரில் ஃபோர்டுக்கு வந்தார். அதற்கு முன் 37 ஆண்டுகள் போயிங் நிறுவனத்தில் பணியாற்றி, அதன் பயணிகள் விமானப் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். கார் தொழிலுக்கு முற்றிலும் புதியவர். அந்த ஆண்டில் ஃபோர்டின் நஷ்டம் ஏறத்தாழ 1,260 கோடி டாலர். ஆலைகளை மூடுவதற்கும் ஆட்களைக் குறைப்பதற்குமான திட்டம் அவர் வருவதற்கு முன்பே, 2006 ஜனவரியிலேயே, அறிவிக்கப்பட்டுவிட்டது. நிறுவனரின் கொள்ளுப்பேரனான பில் ஃபோர்டு தாமே தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டுக்கொடுத்து, நிர்வாகக் குழுத் தலைவராக மட்டும் இருந்துகொண்டு, வெளியாள் ஒருவரை அழைத்து வந்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வாக்குரிமையில் 40 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த குடும்பம் பின்னால் நிற்காவிட்டால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முலாலியால் ஓராண்டு தாக்குப்பிடித்திருக்க முடியாது என்பது என் கருத்து.

முதல் வேலை பணம் திரட்டுவது. 2006-ன் இறுதியில் ஆலைகள், காப்புரிமைகள், ஏன், அந்த நீல நிற நீள்வட்டச் சின்னத்தையே அடமானம் வைத்து, 2,300 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை வங்கிகளிடமும் முதலீட்டாளர்களிடமும் ஃபோர்டு திரட்டியது. குடும்பச் சொத்தை அடகு வைத்துவிட்டார்கள் என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. இரண்டே ஆண்டுகளில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்து, கடன் சந்தை உறைந்துபோனபோது, ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் கையில் காசில்லாமல் தவிக்க, ஃபோர்டிடம் மட்டும் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தது. இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. என்றாலும் தேவை முற்றுவதற்கு முன்பே கடன் கேட்கும் துணிவு இல்லாதிருந்தால் அந்த அதிர்ஷ்டத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இரண்டாவது வேலைதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் டியர்பார்ன் தலைமையகத்தில் உயரதிகாரிகள் அனைவரும் கூடி, தத்தம் பிரிவின் நிலையை நிறங்களால் காட்ட வேண்டும் என்று முலாலி விதித்தார். திட்டப்படி நடந்தால் பச்சை, சந்தேகம் இருந்தால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழந்துகொண்டிருந்த நிறுவனத்தில், முதல் சில வாரங்கள் எல்லாத் தாள்களும் பச்சையாகவே வந்தன. பழைய ஃபோர்டில் தன் பிரிவின் குறையைத் தானே ஒப்புக்கொள்வது, சக அதிகாரிகளிடம் கத்தியைக் கொடுப்பதற்குச் சமம். ஒருநாள், அமெரிக்கப் பிரிவுகளின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ், கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாரான எட்ஜ் காரில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு தெரிந்ததால் அதன் வெளியீட்டை நிறுத்திவைத்திருப்பதாகச் சொல்லி, சிவப்பைக் காட்டினார். அறை அமைதியானது, ஃபீல்ட்ஸின் கதை முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். பிறகு, இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். உடனே மற்றப் பிரிவுகளிலிருந்து உதவி வரத் தொடங்கியது. அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின.

இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். உதிரிபாகத் தொழிற்சாலைகளின் ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாகத்துக்கு வடிவம் தரும் அச்சான டை, கருவிகள் செய்யும் டூல் ரூமில் இன்னும் மெருகேற்றப்பட்டுக்கொண்டிருக்கும். எக்செல் தாளிலோ அந்த வரி பச்சையாக இருக்கும். வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆள் நேரில் வந்து சாம்பிளைக் கேட்கும் நாளில்தான் உண்மை வெளியே வரும். பிரச்சினையைச் சொன்னவனே பிரச்சினைக்குக் காரணம் என்று ஆகிவிடும் இடத்தில், ஒரு தலைவருக்குக் கிடைக்கும் தகவல் எல்லாம் இனிப்பு தடவியதாகத்தான் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃபோர்டின் கைவசம் இருந்த பிற பிராண்டுகளில், ஆஸ்டன் மார்ட்டினை 2007-லும், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008-ல் 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸிடமும், வோல்வோவை 2010-ல் சீனாவின் ஜீலியிடமும் முலாலி விற்றார், மெர்க்குரி என்ற பிராண்டை மூடினார். விற்ற பிராண்டுகள் மோசமானவை அல்ல. டாடாவின் கையில் லேண்ட் ரோவர் எப்படி வளர்ந்தது என்பது நமக்கே தெரியும். ஃபோர்டு என்ற ஒரே பெயரில் கவனத்தைக் குவிக்க அவை தடையாக இருந்தன, அவ்வளவுதான். ஃபோகஸ் என்ற ஒரே பெயருள்ள காரை ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் வேறொன்று என்று தனித்தனியே வடிவமைத்துக்கொண்டிருந்த வீண்செலவும் நின்றது. 2008-ல் 1,400 கோடி டாலருக்கும் அதிகமாக இழந்த நிறுவனம், 2009-ல் ஏறத்தாழ 270 கோடி டாலர் லாபம் காட்டியது. அடமானம் வைத்த சின்னம் 2012-ல் திரும்பக் கிடைத்தது.

அரசிடம் கையேந்தாமல் மீண்ட நிறுவனம் என்று ஃபோர்டைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் அரசு தந்த மீட்பு நிதியை அது வாங்கவில்லை. ஆனால் எரிபொருள் சிக்கன வாகனங்களுக்கான அரசுக் கடனாக 2009-ல் 590 கோடி டாலருக்கு ஒப்புதல் பெற்றது. மேலும், போட்டியாளர்களுக்கு உதவுமாறு அமெரிக்க நாடாளுமன்றத்தில் முலாலியே வாதாடினார். அது பெருந்தன்மையால் மட்டுமல்ல. மூன்று நிறுவனங்களுக்கும் பாகங்கள் தருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஜெனரல் மோட்டார்ஸ் படுத்தால் அவர்களும் படுப்பார்கள், ஃபோர்டின் ஆலைகளும் நின்றுபோகும்.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 2009 செப்டம்பரில் டெல்லிக்கு வந்து ஃபீகோ காரை அறிமுகப்படுத்தியவர் முலாலிதான். 50 கோடி டாலர் முதலீட்டில் விரிவாக்கப்பட்ட மறைமலை நகர் ஆலையில் அது தயாராகி, நன்றாகவே விற்றது. அந்த வெற்றியை நம்பி, 2011-ல் குஜராத்தின் சானந்தில் 100 கோடி டாலரில் இன்னோர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டது, என் பார்வையில், அவர் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்று. இரண்டு ஆலைகளையும் நிரப்பும் அளவுக்கு ஃபோர்டின் கார்கள் இங்கே விற்கவே இல்லை. முலாலி 2014-ல் ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் வந்தவர் அன்று சிவப்பைக் காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ். மூன்றே ஆண்டுகளில் அவரும் வெளியேற்றப்பட்டார். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொல்லி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தபோது, முலாலி போய் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.