புராஸ்டேட் ஸ்கேன் பத்தி கூச்சப்படாம கேளுங்க

ரங்கூன்ல ஸ்கேன் ரூம்லயே பல வருஷம் வேலை பாத்தவன் நான். புராஸ்டேட்ங்கறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற ஒரு சுரப்பி, அது பெருத்தா ஒன்னுக்கு போறது கஷ்டமாகும். ஒன்னுக்கு போறதுல கஷ்டம்னா நம்ம ஆம்பளைங்க பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம நாளைக் கடத்துறாங்க, அதைப் பாத்துப் பாத்து மனசு நொந்து போச்சு, அதனால எதை வேணா கேளுங்க.

பெகுலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, நாளைக்கு ரங்கூன்ல ஸ்கேன். ஒருத்தர் ஒன்னுக்கு அடக்கிட்டு வரணும்ங்கறார், இன்னொருத்தர் வேணாம்ங்கறார், எது சரி?

ரெண்டும் சரிதான் தம்பி, ஸ்கேன்ல ரெண்டு விதம் இருக்கு. அடிவயித்துல ஜெல் தடவி பாக்கறதுன்னா மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும், அப்பதான் அதுக்குக் கீழ இருக்கற புராஸ்டேட் தெளிவா தெரியும். ஆசனவாய் வழியா பாக்கறதுன்னா பொதுவா அடக்கிட்டு வரத் தேவையில்ல, சில எடத்துல முன்னாடியே எனிமா (ஆசனவாய் வழியா குடலைச் சுத்தம் பண்ற மருந்து) எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. உங்களுக்கு எதுன்னு இன்னைக்கே போன் போட்டு கேட்டுருங்க. வயித்து ஸ்கேன்னா பெகுலயே தண்ணியைக் குடிச்சுட்டு பஸ் ஏறிடாதீங்க, பாதி வழியில தவிச்சுப் போயிருவீங்க. இங்க வந்து எறங்கி, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நாலஞ்சு கிளாஸ் குடிச்சா போதும்.

அவரே: காலைல சாப்பிடலாமா? சுகர் மாத்திரை வேற இருக்கு.

புராஸ்டேட் மட்டும்னா மொஹிங்கா (மீன் சூப் நூடுல்ஸ்) சாப்ட்டே வரலாம், மாத்திரையும் வழக்கம்போல. முழு வயித்து ஸ்கேனும் சேத்து எழுதியிருந்தா வெறும் வயிறா வரச் சொல்லுவாங்க, அப்ப மாத்திரையை என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

மோல்மீன்லேர்ந்து: பின்பக்கமா கருவியை விடுவாங்களாமே ஐயா, நெனச்சாலே ஒடம்பு கூசுது. வலிக்குமா?

வலியை விட கூச்சம்தான் ஜாஸ்தி ஐயா. லுங்கியோட போங்க, பேண்ட்டை விட வசதி. எடது பக்கமா ஒருக்களிச்சு, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கிப் படுக்கச் சொல்லி, மேல துணி போத்திருவாங்க. கருவி ஒரு வெரல் தடிமன்தான் இருக்கும், அதுக்கு ஒறை மாட்டி ஜெல் தடவி மெதுவா விடுவாங்க. உள்ள போறப்ப ஒரு அழுத்தம், ரெண்டுக்கு வர்ற மாதிரி ஒரு உணர்ச்சி வரும், அப்ப இறுக்கிப் பிடிக்காம வாயால மூச்சை நல்லா விடுங்க, பாதி கஷ்டம் அதுலயே போயிரும். பத்து இருவது நிமிஷத்துல முடிஞ்சிரும். மூலமோ வெடிப்போ இருந்தா, ரப்பர் ஒத்துக்காதுன்னா படுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. கதிர்வீச்செல்லாம் கிடையாது, வெறும் ஒலி அலைதான்.

ஒரு மக: அப்பா ரிப்போர்ட்ல புராஸ்டேட் 48 மில்லி, ஒன்னுக்கு போனப்புறம் மிச்சம் 180 மில்லின்னு இருக்கு. பயப்படணுமா அங்கிள்?

பயப்பட வேணாம்மா, ஆனா சும்மாவும் விட்றாதீங்க. வயசுப் பசங்களுக்கு 20, 25 மில்லி இருக்கும், வயசாக ஆக அது வளரும். 80 மில்லி வச்சுக்கிட்டு நல்லா இருக்கறவரும் உண்டு, 35-லயே ராத்திரி பூரா எழுந்து ஓடுறவரும் உண்டு. நான் முதல்ல பாக்கறது அந்த 180-ஐத்தான், பை சரியா காலியாகலைன்னு அர்த்தம். ரொம்ப நேரம் அடக்கி வச்சுட்டு, வெளிய ஆளு கதவைத் தட்டுறாங்கன்னு அவசரமா போயிட்டு வந்தாலும் மிச்சம் கூடக் காட்டும், அதனால நிதானமா போகவிட்டு இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்க. அப்பவும் அதே கதைன்னா யூராலஜி டாக்டர்கிட்ட போங்க, கிட்னி வீங்கியிருக்கான்னும் பாத்துருவாங்க.

சிரியம்லேர்ந்து: ஸ்கேன் நார்மல்னா கேன்சர் இல்லைன்னு நம்பலாமா?

இல்லைங்க, அப்படி நம்பாதீங்க. கேன்சர் ஸ்கேன்ல தெரியாமலே இருக்கலாம். பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கற ஒரு புரதம்) ரத்த டெஸ்ட், டாக்டர் வெரல் விட்டுப் பாக்கறது, தேவைப்பட்டா எம்ஆர்ஐ எல்லாம் சேத்துப் பாத்துத்தான் சொல்லுவாங்க. சந்தேகம் இருந்தா பயாப்ஸி, அதாவது மரக்க வச்சு புராஸ்டேட்லேர்ந்து ஊசியால வழக்கமா 10, 12 துணுக்கு எடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்றவங்க முன்னாடியே சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது. பயாப்ஸிக்கு அப்புறம் சில நாள் ஒன்னுக்குல லேசா ரத்தம் வரும், விந்துல சில வாரம்கூட இருக்கும், அதுக்குக் கலங்காதீங்க. ஆனா குளிரும் காய்ச்சலும் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

இன்னொருத்தர்: எங்க அப்பாவுக்கு நேத்து ராத்திரிலேர்ந்து ஒரு சொட்டுகூட போகல, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. ஸ்கேன் திங்கக்கிழமைதான். அதுவரைக்கும் தண்ணி நிறையக் குடுக்கவா?

குடுக்காதீங்க தம்பி! ஸ்கேனுக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே ஒரு டாக்சி புடிச்சு எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க. டியூப் போட்டு மூத்திரத்தை வெளிய எடுத்துருவாங்க, உடனே ஆறுதல் கெடைக்கும். அவர் சாப்பிட்ற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க, சளி மாத்திரை ஏதாவது புதுசா சாப்ட்டாரான்னும் கேளுங்க, சில சளி மாத்திரையே இப்படி அடைக்க வச்சிரும்.